நிச்சயதார்த்தத்தை நிறுத்தியவள்

சேகர்,

நீ பெங்களூர் வேலையை முடித்துக்கொண்டு கிளம்புவதற்குள் இது உன் கையில் கிடைத்துவிட வேண்டும் என்றுதான் தபாலில் போடாமல் கூரியரில் அனுப்புகிறேன். மேடவாக்கத்துப் பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்ற வரப்போவதில்லை. ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று உனக்கு அவர்கள் போன் செய்து சொல்லியிருக்கலாம். அது மரியாதைக்குச் சொன்னது. நிறுத்தியவள் நான். பஸ் ஏறிப் போய், அவர்கள் கூடத்தில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த காபியைக் குடித்து முடித்துவிட்டு, உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். எப்படித் தெரிந்தது, ஏன் சொன்னேன் என்று நீ கேட்பாய். நேரில் கேட்டால் கத்துவாய், நானும் கத்துவேன். அதனால் எழுதுகிறேன். கோபத்தில் கிழித்துப் போடுவதானாலும் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

போன மாதம் எனக்கு உடம்பு சரியில்லாமல் போனது உனக்குத் தெரியும். மாதவிலக்கு நின்று இத்தனை வருஷம் கழித்து மறுபடி உதிரப்போக்கு. உன்னிடம் 'லேடி டாக்டரைப் பார்க்கணும்' என்றபோது நீ நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'பக்கத்துல யாரையாவது பாரும்மா' என்றாய். நான் குரோம்பேட்டையில், உன்னையும் என் மருமகளாக இருந்த வனஜாவையும் காட்டிய அதே டாக்டரம்மாவிடம் போனேன். அவரைத் தவிர வேறு யாரையும் எனக்குத் தெரியாது. அவர் என்னைப் பரிசோதித்துவிட்டு, கை கழுவிக்கொண்டே, வீட்டு மனுஷியிடம் பேசுகிற மாதிரி கேட்டார்: "உங்க மருமக நல்லா இருக்காளா? தத்தெடுக்கறதுக்கு எங்கிட்ட விசாரிச்சுட்டுப் போனா. அப்புறம் ரெண்டு பேரும் வரவே இல்லையே. குழந்தை எடுத்துக்கிட்டாங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் புரியாத மாதிரி காட்டிக்கொண்டால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார் என்று மட்டும் தோன்றியது. "இன்னும் இல்லைங்க டாக்டர்" என்றேன். அவர் மேலே பேசினார். "உங்க பையனாவது ஊசிக்கு வரணுமில்ல? வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாக்கணும்னு அன்னைக்கே சொன்னேன். இந்த மாதிரி ஆம்பளைங்களுக்கு ஹார்மோன் கம்மி. எலும்பு சீக்கிரம் தேஞ்சுடும். நீங்க பயாலஜி டீச்சர்தானே, எடுத்துச் சொல்லுங்க. ஒரு எக்ஸ் கூடுதலா இருக்குங்கறது அவமானமா என்ன?"

ஒரு எக்ஸ் கூடுதல். சேகர், நான் இருபத்தெட்டு வருஷம் பத்தாம் வகுப்புக்குக் கரும்பலகையில் வரைந்த படம் அது. இருபத்து மூன்று ஜோடி. பெண்ணுக்குக் கடைசி ஜோடி எக்ஸ், எக்ஸ். ஆணுக்கு எக்ஸ், ஒய். சில ஆண்களுக்கு எக்ஸ், எக்ஸ், ஒய் என்று அமைந்துவிடும், அது பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவேன். நான் தாண்டிப் போன அந்த ஒரு வரி என் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்கி வளர்ந்திருக்கிறது. உன் அப்பாவைவிட ஒரு தலை உயரமாக வளர்ந்தாய், கைகால் நீள நீளமாக. ரயில்வே குவார்ட்டர்ஸில் எல்லாரும் 'டீச்சர் பையன் எவ்வளவு உயரம்' என்றபோது எனக்குப் பெருமையாக இருந்தது. காலேஜ் முடித்த பிறகும் உனக்கு மீசை பென்சிலில் கீறியது போலத்தான் இருந்தது. அதையும் நான் லட்சணம் என்றே நினைத்தேன். பருவம் வந்த பிறகு உள்ளே விந்தணு உண்டாகிற நுண்குழாய்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாகிச் சுருங்கிவிட்டன என்று டாக்டரம்மா விளக்கினார். உன் சோதனையில் ஒரு அணுகூடத் தென்படவில்லையாம். இரண்டாம் தடவை எடுத்தும் இல்லையாம். பிறகுதான் ரத்தத்தை டவுனில் இருக்கிற லேபுக்கு அனுப்பிக் குரோமோசோம் எண்ணினார்களாம். முடிவைச் சொன்ன அன்று வனஜா உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம். அது எண்பத்தொன்பதாம் வருஷம்.

நீ அன்று வீட்டுக்கு வந்து என்னிடம் என்ன சொன்னாய் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எனக்கு எல்லாம் நார்மல்மா. அவளுக்குத்தான் இன்னும் பாக்கணுமாம்" என்றாய். வனஜா உனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நேராகச் சமையலறைக்குப் போய் அரிசி களைந்தாள்.

அந்த நாளிலிருந்து நான் அவளை என்னென்ன செய்தேன் என்று உனக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை, நீ கூடவே இருந்து பார்த்தவன். எதிர் வீட்டுப் பெண்ணின் வளைகாப்பு அன்று அவளை வாசலுக்கே வரக்கூடாது என்று சொன்னேன். கண்ணாடி வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே அவள் பின்கட்டில் பாத்திரம் தேய்த்தாள். நீ அப்போது கூடத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாய். செவ்வாய், வெள்ளி விரதம் என்று சொல்லி அவளைப் பட்டினி போட்டேன். 'எங்க வீட்டுல இந்த மாதிரி மலடி யாரும் வந்ததில்ல' என்று அவள் அப்பா எதிரிலேயே சொன்னேன். அப்போதெல்லாம் ஒரே ஒரு தடவை நீ வாயைத் திறந்திருந்தால் போதும். 'அம்மா, விடும்மா' என்று சொன்னால்கூட நான் கொஞ்சம் அடங்கியிருப்பேன். நீ வாயைத் திறந்தாய். 'அம்மா சொல்றதைத்தான் செய்யேன் வனஜா' என்று சொல்வதற்காக.

பல்லாவரம் பக்கம் இருந்த அந்த நர்சிங் ஹோம் விஷயத்துக்கு வருகிறேன். யாரோ சொன்னார்கள் என்று நான்தான் கண்டுபிடித்தேன், ஒப்புக்கொள்கிறேன். குழாயில் அடைப்பு இருக்கும், சுத்தம் செய்தால் உடனே கரு தங்கும் என்றான் அந்த டாக்டர். போர்டைத் தவிர அங்கே டாக்டர் என்பதற்கு அடையாளம் எதுவும் இல்லை. வனஜா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம் அத்தை, எனக்கு ஒண்ணும் இல்ல அத்தை, சத்தியமா எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன். உனக்குத் தெரியும், அவள் உளறவில்லை என்று. அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, எனக்குப் பின்னால் நின்ற உன்னைப் பார்த்துச் சொன்னாள். நீ ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினாய், உள்ளே வந்தாய், காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாய், டீ குடிக்கப் போய்விட்டாய்.

அதற்கப்புறம் வந்த காய்ச்சல். வயிறு கல் மாதிரி ஆனது. பெரியாஸ்பத்திரியில் கொண்டு போய்ச் சேர்த்தபோது உள்ளே முழுக்கச் சீழ் என்றார்கள். இரண்டு கருக்குழாயையும் ஒரு சினைப்பையையும் எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்ற முடிந்தது. கல்யாணமாகி வந்தபோது அந்தப் பெண்ணின் உடம்பில் ஒரு குறையும் இல்லை. உன் குறையை மறைப்பதற்காக அவளுக்கு ஒரு குறையை உண்டாக்கினோம். நான் தெரியாமல் செய்தேன். நீ தெரிந்து செய்தாய். நம் இருவருக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் இவ்வளவுதான். அது சின்ன வித்தியாசம் என்று நான் நினைக்கவில்லை.

கூடுவாஞ்சேரியில் அவள் அப்பாவின் மளிகைக் கடைக்கு மேலே மாடியில் பெரியவர்கள் கூடிப் பேசினார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார். அவள் அப்பா உன்னைப் பார்த்துக் கேட்டார்: "மாப்ள, ஒரு ரெண்டு வருஷம் பொறுத்துப் பாக்கக் கூடாதா? உங்க கால்ல வேணாலும் விழறேன்." நீ என்ன சொன்னாய்? "டாக்டரே சொல்லிட்டாங்க மாமா. இனிமே அவளுக்குக் குழந்தை பிறக்காது." இதை நான் பல தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன் சேகர். ஆறேழு வருஷமாகப் பொய்யே சொல்லிக்கொண்டிருந்த நீ அன்றுதான் முதல் தடவையாக உண்மையைச் சொன்னாய். அதைச் சொல்லுமளவுக்கு அவளை ஆக்கிவிட்டு, அதைச் சொன்னாய். வனஜா மூலையில் உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒரு பெரியவர், "நீ என்னம்மா சொல்ற?" என்றார். அவள் உன்னை ஒரு தடவை பார்த்தாள். "அவர் சொன்னா சரி" என்றாள். செங்கல்பட்டு கோர்ட்டில் விவாகரத்து சுலபமாக முடிந்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் அவள் அப்பா போய்விட்டார். நாம் துக்கம் கேட்கக்கூடப் போகவில்லை.

டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்த அன்று நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. முதலில் அவளைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் சட்டைக் காலர் சரிபார்க்கிற வேலையில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். தாம்பரம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி நிற்கிற பிளாட்பாரத்தில் சாயங்காலம் காத்திருந்தேன். கூட வேலை செய்கிற பெண்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மற்றவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு, "என்ன அத்தை?" என்றாள். இன்னும் அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள்.

"எனக்குத் தெரிஞ்சுடுச்சு வனஜா" என்றேன். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

அவளே சொன்னாள். டாக்டரிடமிருந்து வரும்போது நீ ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்று அழுதாயாம். இது வெளியே தெரிந்தால் தண்டவாளத்தில் தலை வைத்துவிடுவேன் என்றாயாம். தத்தெடுத்துக்கொள்ளலாம் என்று அவள்தான் யோசனை சொன்னாளாம், விசாரித்துக்கொண்டும் வந்தாளாம். தத்தெடுத்தால் யாருக்குக் குறை என்று ஊர் கேட்கும் என்று நீ மறுத்துவிட்டாயாம். "மொதல்ல பாவமா இருந்தது அத்தை. ராத்திரியெல்லாம் தூங்காம உக்காந்திருப்பார். யாரோ ஒருத்தர் பேச்சு வாங்கணும், நானே வாங்கிக்கறேன்னு நெனச்சேன். அப்புறம் அவருக்கு அது பழகிப்போச்சு. எனக்கு வெளிய வர வழி தெரியல." இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. விலைவாசி பற்றிப் பேசுகிற குரலில் சொன்னாள்.

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். "மன்னிப்பு கேக்க வந்திருந்தீங்கன்னா, எனக்கு வண்டி வந்துடுச்சு அத்தை. அவருக்கு மறுபடி பொண்ணு பாத்திருக்கீங்களாமே, மேடவாக்கத்துல. எங்கிட்ட வந்து அழறதுக்குப் பதிலா அங்க போய் சொல்லுங்க." வண்டியில் ஏறிவிட்டாள். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் என் பக்கம் திரும்பவில்லை.

அன்று ராத்திரி நீ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உன்னிடம் கேட்டேன். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். நீ அதிர்ச்சி அடைவாய், அழுவாய், என் மடியில் விழுவாய் என்று பைத்தியக்காரி மாதிரி நினைத்திருந்தேன். அழுதிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். நீ ரசத்தைப் பிசைந்துகொண்டே, "ஸ்கூல்ல எடுக்கற மாதிரி எங்கிட்ட பாடம் எடுக்காதம்மா" என்றாய். மேடவாக்கத்துப் பெண்ணிடம் சொல்லப்போகிறாயா என்று கேட்டேன். நீ சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், நீ ஒரு தடவை வாசித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக. "அது கிராமத்துப் பொண்ணு. டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு கேக்கத் தெரியாது. ரெண்டு வருஷம் போனா அவளே தன்மேலதான் குறைன்னு நெனச்சுக்குவா. நீ சும்மா இருந்தா போதும்."

நான் சும்மா இருந்தால் போதும். அதாவது, போன தடவை செய்ததையே நான் மறுபடி செய்வேன் என்று நீ கணக்குப் போட்டிருந்தாய். என் நாக்கை நீ ஒரு கருவி மாதிரி வைத்திருந்தாய் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நீ ஒருநாளும் வனஜாவை அடித்ததில்லை, திட்டியதில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் 'தங்கமான பையன், அம்மாதான் ராட்சசி' என்பார்கள். ஆமாம், உனக்காக அடிக்க வீட்டில் ஒருத்தி இருந்தாள்.

உன்னிடம் ஒரு விஷயத்தை மட்டும் ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும், இதில் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கூடுதல் எக்ஸ் யார் செய்த குற்றமும் இல்லை. கருமுட்டையோ விந்தணுவோ உண்டாகும்போது ஜோடி சரியாகப் பிரியாமல் போனதால் நேர்கிற தவறு அது. உன் அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம், என்னிடமிருந்தும் வந்திருக்கலாம். நானே கொடுத்ததாகக்கூட இருக்கலாம். உன்னை மாதிரி எத்தனையோ பேர் இருக்கிறார்கள், பாதிப் பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது என்கிறார் டாக்டரம்மா. தெரிந்தவர்களில் உண்மையைச் சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள், தத்தெடுத்து வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் தெரிந்தும் உன்னைக் கூட வைத்துக்கொள்ளத் தயாராக இருந்த ஒருத்தி உனக்குக் கிடைத்திருந்தாள். எத்தனை ஆண்களுக்கு அது கிடைக்கிறது? எலும்பைப் பற்றி டாக்டரம்மா சொன்னது உண்மை, நான் மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டேன். போய் அவரைப் பார். ஊசி போட்டுக்கொள். இடுப்பு முறிந்து படுத்தால் பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி மேடவாக்கம். சேலையூர் தாண்டியதும் பஸ்ஸில் கூட்டம் குறைந்துவிட்டது. வயலெல்லாம் கல் நட்டுப் பிளாட் போட்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் என்னைப் பார்த்ததும் சம்பந்தியம்மா வந்துவிட்டாள் என்று தடபுடல். பெண்ணின் அப்பா, அம்மா இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னேன். எக்ஸ், ஒய் எல்லாம் அவர்களுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டு, என் மகனுக்குக் குழந்தை பிறக்காது, அது அவனுக்கே தெரியும், முதல் மனைவியைப் பொய் சொல்லித்தான் அனுப்பினோம் என்று சொன்னேன். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாமா இது, பெத்த புள்ளையப் பத்தி எவளாச்சும் இப்டி வந்து சொல்லுவாளா? உங்களுக்கும் அவருக்கும் வூட்டுல எதுனா சண்டையா?"

"சண்டை இல்லைங்க. உண்மையைச் சொல்ல வந்தேன்."

"அதெல்லாம் கல்யாணம் ஆனா சரியாப் பூடும்மா. பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. சொந்தக்காரனுங்க கிட்ட எல்லாம் சொல்லிகினு கீறோம். இப்போ நிறுத்துனா எம்பொண்ணுக்குத்தான் கெட்ட பேரு."

அவர் கெட்டவர் இல்லை சேகர். பெண்ணைப் பெற்றவர், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் காரியம் முடிந்துவிடும் என்று நினைத்துப் போன நான் திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உள்ளே இருந்து அந்தப் பெண் வந்தாள். அமுதா. நீ போட்டோவில் பார்த்து 'அடக்கமா இருக்கா' என்று சொன்னாயே, அவள். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அப்பாவிடம், "எனக்கு வாணாம்பா" என்றாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ கட்டி வச்சாலும் நான் தாலி ஏறதுக்கு முன்னாடி மண்டபத்துல எழுந்து சொல்லுவேன்" என்றாள். டெஸ்ட் என்று கேட்கத் தெரியாத கிராமத்துப் பெண் என்று நீ சொன்னாயே, அவள்தான். அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் எழுந்தேன். வாசல் வரை அவள் கூட வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஆன்ட்டி, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்மா."

"அந்த அக்காமேலதான் நெஜமாவே குறைன்னு இருந்திருந்தா, அவங்களை அப்படிப் பண்ணதும் தொரத்துனதும் சரின்னு இருந்திருப்பீங்க இல்ல?"

வெயில் முகத்தில் அடித்தது. அந்தக் குழந்தையிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமாம்மா" என்றேன். "சரின்னுதான் இருந்திருப்பேன்."

அவள் தலையை ஆட்டினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

நீ சனிக்கிழமை காலை வந்து இறங்குவாய். நேராக வீட்டுக்கு வந்து, எப்போதும் போல மணியை அடிப்பாய். நான் உள்ளேதான் இருப்பேன். எழுந்து வந்து திறப்பேனா என்று இதை எழுதி முடிக்கும்போதும் எனக்குத் தெரியவில்லை.

அம்மா